விளக்கை அணைத்துவிட்டுச் சோறாக்கினேன்

இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் ஒரு பழைய புடவையை மடித்துத் தொங்கவிட்டிருந்தேன். எதிரே தரையில் கரண்டு குக்கர். அதன் வயிற்றில் மொச்சைக்கொட்டை அளவுக்குச் சிவப்பாக ஒரு விளக்கு. வீட்டில் அது ஒன்றுதான் வெளிச்சம்.

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. மூடியின் ஓட்டையிலிருந்து ஆவி வந்தது. அரிசி வேகிற வாசனை வெளியே போய்விடுமோ என்று அதன்மேல் ஒரு துணியைப் போட்டேன். துணி நனைந்து சுட்டதும் எடுத்தேன். மனசு கேட்காமல் மறுபடியும் போட்டேன்.

கதவு தட்டும் சத்தம். "யம்மா, நான்தான்" என்றாள் என் மகள் சுமதி. வேலை முடிந்து பசியோடு வந்து நிற்கிறாள். அப்படியும் நான் எழுந்திருக்கவில்லை. குக்கர் 'டக்' என்று அடங்கட்டும், அப்புறம் திறக்கலாம் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சோறாக்குவது திருட்டு வேலை இல்லை. நான் அதைத் திருட்டு வேலைபோலத்தான் செய்தேன்.

மேல் வீட்டுப் பெண் கேட்டது

இந்த வாரப் பத்தியில் சுமதியின் கல்யாணத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் இது குறுக்கே வந்துவிட்டது.

பெங்களூர் ஹெப்பகோடியில் இப்போது நான் சுமதியோடு இருக்கிறேன். எங்கள் கட்டடத்தின் மேல் மாடிக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். பேர் ரம்யா. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். தயிருக்கு உறை வாங்க வந்தவள், சுமதியின் சமையல் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் குக்கர், மிக்ஸி, ரொட்டி சுடுகிற டோஸ்டர், மைக்ரோவேவ் எல்லாம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும்.

"ஆன்ட்டி, இந்தச் சின்னச் சின்ன கரண்டு சாமானெல்லாம் வாங்கலாமா? இல்ல, வாங்கி மூலையில போடுறதுதானா?" என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்வி. வாங்கு, வேண்டாம் என்று ஏதோ ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உறையை வாங்கிக்கொண்டு போனாள்.

அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

ஆறு வீடு, ஒரு மீட்டர்

நான் இருட்டில் சோறாக்கிய நாட்களில் நாங்கள் மல்லேஸ்வரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு வட்டாராவில் இருந்தோம். மதராஸ் பக்கம் ஸ்டோர் வீடு என்பார்களே, அதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். ஒரே காம்பவுண்டு, வரிசையாக ஆறு வீடு, நடுவில் குழாய், தலைக்கு மேல் மங்களூர் ஓடு. தெருவைப் பார்த்த பெரிய வீட்டில் ஓனரம்மா. கன்னடக்காரர், எங்களோடு தமிழ் பேசுவார். பின்னால் கொட்டகையில் அவருடைய பசு. ராத்திரிச் சோறு வடித்த கஞ்சியை மறுநாள் காலையில் ஆறு வீட்டிலிருந்தும் அதற்குத்தான் ஊற்றுவோம்.

ஆறு வீட்டுக்கும், பெரிய வீட்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் மீட்டர். பில் வந்தால் யார் வீட்டில் எத்தனை பல்பு என்று பார்த்துப் பங்கு போடுவார்கள். அதனால் ஒரு சட்டம் இருந்தது. பல்பு, ஃபேன், டிவி வைத்துக்கொள்ளலாம். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், காயில் அடுப்பு எதுவும் ஆகாது. நாங்கள் குடிவந்து பாலைக் காய்ச்சி இறக்குவதற்குள் ஓனரம்மா வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டார்.

"சூடாகிற சாமான் ஒண்ணு உள்ள வந்திச்சுன்னா, நீங்க வெளிய. அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

சொன்னதைச் செய்கிறவர். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஹீட்டர் வைத்துத்தான் காலி பண்ணினார்கள் என்று பக்கத்து வீட்டுக் கிரிஜா சொல்லியிருந்தாள். அந்த வாடகைக்கு மல்லேஸ்வரத்தில் இன்னொரு வீடு கிடைக்காது.

என் வீட்டுக்காரருக்குப் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. பெரும்பாலும் செகண்ட் ஷிப்ட். மத்தியானம் கம்பெனி பஸ் ஏறினால் நாங்கள் தூங்கின பிறகுதான் வருவார். சுமதி ஒரு கார்மென்ட்ஸில் தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டில் நான் மட்டும்.

நானும் ஸ்டவ்வும் என்று சொல்ல வேண்டும்.

தீக்குச்சிகள்

கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ரேஷன் கிருஷ்ணாயில்தான். பித்தளை பம்ப் ஸ்டவ்.

ஒரு சாயங்காலம் பம்ப் அடித்துக்கொண்டிருக்கும்போது தீ குப்பென்று எழுந்தது. என் முந்தானை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் அரிசி களைந்த தண்ணீர் குண்டானில் இருந்தது. அதை அப்படியே மேலே கொட்டிக்கொண்டேன். அரிசியும் சேர்ந்து கொட்டியது. மணிக்கட்டில் மட்டும் சுட்டது. அவ்வளவுதான் நடந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் தெறித்தது என்றேன்.

ஏன் என்று இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சொன்னால்தான் தெரியும். அந்த நாட்களில் ஸ்டவ் வெடித்தது என்று ஒரு பொம்பளை சொன்னால், கேட்கிறவர்கள் ஸ்டவ்வைப் பார்க்கமாட்டார்கள். அவள் புருஷனைப் பார்ப்பார்கள். பெண்டாட்டியைக் கொளுத்திவிட்டு ஸ்டவ் வெடித்தது என்று சொன்னவர்களைப் பற்றிப் பேப்பரில் செய்திகள் வந்துகொண்டிருந்தன. இவரோ ஒரு குரல் அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். இவரை யாராவது ஒரு பார்வை பார்த்தால் என்னால் தாங்க முடியாது.

அதற்கப்புறம்தான் அந்தப் பயம் வந்தது. ஸ்டவ் முன்னால் உட்காருவேன். குச்சியைக் கிழிப்பேன். கை அதற்குமேல் போகாது. குச்சி விரல்வரைக்கும் எரிந்து வரும், ஊதிவிடுவேன். இன்னொன்று கிழிப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் மூன்று வேளையும் சமைத்தவள், சொந்த அடுப்பைப் பற்றவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் சமையல் கவலையில்லை, சுமதியே பற்றவைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் அவள் வரும்வரைக்கும் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தினமும் தலைவலி வருமா ஒருத்திக்கு? ஒருநாள் அடுப்படியைப் பெருக்கியவள், முறத்தில் இருந்ததைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். முறம் நிறையக் கருகின தீக்குச்சி.

"இன்னாம்மா இது?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் போனஸ் வந்ததும் ஒரு அட்டைப் பெட்டியைத் துப்பட்டாவால் மூடிக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே குக்கர். "சூடாகிற சாமானாச்சே" என்றேன். "நீ சொல்லாதே, நானும் சொல்லல" என்றாள்.

என் கணக்கு

கூச்சத்தோடு சொல்கிறேன், எனக்கு அந்தக் குக்கரை ரொம்பப் பிடித்துவிட்டது. கூட வந்த பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் அளக்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருந்தது. நான் விரல் கணு வைத்துத்தான் ஊற்றினேன். ரேஷன் அரிசிக்கு ஒரு கணு போதாது, இன்னும் கொஞ்சம் வேண்டும். முதல் நாள் பொங்கிச் சுவரெல்லாம் கஞ்சி. இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. பட்டனைத் தட்டிவிட்டால் அதுபாட்டுக்கு வேகும், அதுபாட்டுக்கு அடங்கும். கஞ்சி வடிக்க வேண்டாம். நெருப்பு கண்ணில் படாது. குழம்பு காலையிலேயே வைத்தது இருக்கும்.

ஆனால் மனசில் ஒரு உறுத்தல். மீட்டர் எல்லாருக்கும் பொது. அடுத்தவர்கள் கரண்டில் நான் சோறு தின்பதா?

அதற்குத்தான் நானாக ஒரு கணக்குப் போட்டேன். பில்லைப் பல்புக்கு இவ்வளவு என்றுதானே பிரிக்கிறார்கள்? எங்கள் வீட்டில் கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. குக்கர் போடும்போது அந்த இரண்டு பல்பையும் அணைத்துவிட்டால் என் பங்குக் கரண்டு மிச்சம். அந்த மிச்சத்தில் சோறு வெந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

எனக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. அதனால் குக்கர் அடங்கும்வரைக்கும் விளக்குப் போடமாட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டை இருட்டாக வைத்திருக்கிறோமே என்று சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். சுமதி, யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காக நான் அப்படிச் செய்கிறேன் என்று நினைத்திருந்தாள். நானும் கணக்கைச் சொல்லவில்லை.

கிரிஜாவின் ரொட்டி மெஷின்

வாங்கலாமா என்று கேட்டதற்குக் கிரிஜாவின் கதையையும் சொல்லவேண்டும்.

கிரிஜா என்னைவிடச் சின்னவள். ஷிமோகாக்காரி. அவள் புருஷனுக்கு எக்ஸிபிஷன் பைத்தியம். ஒரு தடவை போய்விட்டு சப்பாத்தி பண்ணுகிற மெஷின் வாங்கி வந்தார். மாவு உருண்டையை நடுவில் வைத்து மேல்மூடியை அழுத்தினால் சப்பாத்தி வட்டமாக வந்து அங்கேயே வெந்துவிடுமாம். எக்ஸிபிஷனில் விற்கிற ஆள் அழுத்தி அழுத்திக் காட்டினானாம், பூரி மாதிரி உப்பியதாம்.

சூடாகிற சாமானாயிற்றே. வட்டாராவில் வைத்துப் போடமுடியாது. ஓனரம்மாவிடம் கெஞ்சி அவர் அடுப்படிக்கு எடுத்துப்போனாள். பெரிய வீட்டு அடுப்படிக்கு மட்டும் தனி லைன், தனி மீட்டர், பெரிய ஓட்டை பிளக். நாங்கள் எல்லாரும் போய்ச் சுற்றி நின்றோம். கிரிஜா சாமியைக் கும்பிட்டுவிட்டு அழுத்தினாள். ஒரு பக்கம் மாவு பிதுங்கி வெளியே வந்தது. மீதி அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. ஓனரம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார். கிரிஜாவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த மெஷின் வீணாகவில்லை. தசராவுக்குப் பொம்மை வைக்கும்போது அதன்மேல் பட்டுத் துணி போட்டு, கலசம் வைக்கிற மேடையாக்கிவிட்டாள். வருஷா வருஷம் அதற்கும் குங்குமம் வைப்பாள்.

எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்கு இவர் கம்பெனியில் சாண்ட்விச் டோஸ்டர் கொடுத்தார்கள். அதன் மூலையில் ஒட்டினதைச் சுரண்டி எடுக்கிற நேரத்துக்கு ஒரு படி அரிசியில் கல் பொறுக்கிவிடலாம். சுமதியின் கல்யாணத்துக்குச் சீரோடு சீராகத் தள்ளிவிட்டேன்.

அதனால் ரம்யாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். எந்த வேலையை நினைத்தால் உனக்கு வயிற்றைப் பிசைகிறதோ, அந்த வேலைக்கு மெஷின் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. அடுத்தவர்கள் உப்பவைத்துக் காட்டுகிறார்கள் என்று வாங்காதே. இதைச் சொல்லியிருந்தால், "உங்களுக்கு எந்த வேலை ஆன்ட்டி?" என்று அவள் கேட்டிருப்பாள். அதுதான் வாய் வரவில்லை.

ஜுரம் வந்த நாள்

நடுவில் ஒரு நாள் எனக்கு ஜுரம். மத்தியானமே படுத்துவிட்டேன். சாயங்காலம் குக்கர் போடவில்லை. கண்ணைத் திறந்தபோது கிரிஜா கதவைத் தள்ளிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு கிண்ணம், ரசம் விட்டுக் கரைத்த சோறு.

"என்ன அக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"உனக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. தோணிச்சு" என்றாள்.

நல்ல மனசு, அதனால் தோன்றியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எப்படித் தோன்றியது என்று யோசிக்கவில்லை.

வரமகாலட்சுமி அன்று

ஓனரம்மா வீட்டில் வரமகாலட்சுமி பூஜையை விமரிசையாகச் செய்வார்கள். கலசத்துக்குப் புடவை கட்டி, முகம் வைத்து, நகை போட்டு, சுற்றிலும் கலர் பல்பு சீரியல் செட். சாயங்காலம் ஆறு வீட்டுப் பொம்பளைகளும் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ளப் போகவேண்டும்.

அன்றைக்கும் வீட்டில் சோறு வேண்டுமே. கிளம்புகிற நேரத்தில் குக்கரைத் தட்டிவிட்டேன். இரண்டு பல்பையும் ஞாபகமாக அணைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.

அந்த நேரத்தில் நான் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஜமுக்காளத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் எப்போதும்போல ஓரத்தில், தூண் பக்கத்தில். மேலே பல்பு அழுது வடிந்தது. சீரியல் செட் மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்மினுக்கென்றது. அம்மன் முகமே சரியாகத் தெரியவில்லை. நல்ல நாளும் அதுவுமாகக் கரண்டு இப்படி இருக்கிறதே என்று நான் நினைத்தேன். நானேதான் நினைத்தேன். ஓனரம்மா ஒவ்வொருவராகக் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தார்.

என்னிடம் வந்து குனிந்தார். அந்த நேரம் பார்த்து பல்பு குபீரென்று பிரகாசமாயிற்று. சீரியல் செட் ஜொலித்தது. அம்மன் மூக்குத்திவரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

"அக்கா வூட்ல சோறு வெந்துடுச்சு" என்றாள் கடைசி வீட்டு லதா.

அவள் கேலியாகச் சொல்லவில்லை. தினமும் சொல்கிற பழக்கம், வாய் தவறி வந்துவிட்டது. கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கிரிஜா அவள் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். மற்றவர்கள் வளையலைத் திருகிக்கொண்டார்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. நான் பல்பைப் பார்த்தேன். அவர்கள் முகங்களைப் பார்த்தேன். அப்புறம் மெதுவாக எல்லாம் வந்து சேர்ந்தது. நான் குக்கரைத் தட்டினால் எல்லார் வீட்டு விளக்கும் மங்கும், டிவியில் படம் சுருங்கும். குக்கர் அடங்கினால் வெளிச்சம் திரும்பும். வட்டாரா முழுக்கத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியாது. ஜன்னல் புடவை, மூடித் துணி, எல்லாம் யாருக்காக?

ஓனரம்மா குங்குமத்தை வைத்த விரலை எடுக்கவில்லை.

"நோடு, இங்க பாரு சுமதி அம்மா. என் பசு இருக்கே, அதுக்கு உங்க வீட்டுக் கஞ்சி நின்னு எத்தனை மாசமாச்சு? அதுக்கே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். இவ வேற" என்று கிரிஜாவைக் காட்டினார், "கேக்காதீங்க, அவங்க கூச்சப்படுவாங்கன்னு என் கால்ல விழாத குறை. அது சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. நீ ஏன் லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருக்கே?"

நான் என் கணக்கைச் சொன்னேன். வேறு பொய் வரவில்லை. பல்பு அணைந்தால் குக்கருக்குச் சரியாகப் போகும் என்று நினைத்தேன் என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தார்கள். ஓனரம்மாவும் சிரித்தார். நல்ல சிரிப்புதான், விஷம் இல்லை. எனக்குத் தரை பிளக்கவில்லையே என்றிருந்தது.

"ஸ்டவ் இருக்கில்ல? அதுக்கு என்ன வந்திச்சு?"

"பத்தவைக்க பயம்" என்றேன்.

"ஏனு? என்ன சொன்னே? கேக்கல."

"எனக்கு ஸ்டவ் பத்தவைக்க பயம்."

இரண்டாவது தடவை சத்தமாக வந்துவிட்டது. சிரிப்பு நின்றது. லதாவின் கண் என் மணிக்கட்டுக்குப் போயிற்று. ஒவ்வொருவர் கண்ணும் அங்கே போயிற்று. அப்புறம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எதற்குப் பயந்து இத்தனை நாள் மூடி வைத்தேனோ, அந்தப் பார்வை.

"அவர் ஷிப்டுக்குப் போயிருந்தாரு. அவர் வீட்லயே இல்ல" என்றேன் அவசரமாக. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதைச் சொல்லியிருக்கவே கூடாது. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் சந்தேகம்தான் கூடும். என் பயத்தைச் சொல்லப்போய் அந்த மனுஷரைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிட்டேன்.

"தெரியும் அக்கா. அன்னைக்கு நான் குழாயடியிலதான் இருந்தேன். அண்ணன் மத்தியானமே பஸ்ஸுக்குப் போனதைப் பாத்தேன். ஒனக்குப் பொறை ஏறின மாதிரி சத்தம் கேட்டுச்சு. வந்து கதவைத் தட்டினேன், எண்ணெய் தெறிச்சுதுன்னே" என்றாள் கிரிஜா. லதாவைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மஞ்சள் குங்குமத் தட்டு முன்னால் அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

முற்றத்தைக் கடந்து

ஓனரம்மா காலி பண்ணச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். மீட்டர் பலகை கறுத்துப்போயிருந்ததைக் கூட்டிப்போய்க் காட்டினார். மேலே எல்லாம் மரச்சட்டம், ஓடு. நெருப்புக்குப் பயந்து நான் வைத்த சாமான், எல்லார் தலைமேலும் நெருப்பு வைக்கப் பார்த்திருக்கிறது.

"நாளையிலிருந்து இங்க எடுத்துட்டு வா. என் அடுப்படி பிளக்குல போட்டுக்கோ" என்றார்.

பெரிய மனசு. நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று சுமதியிடம் என் கணக்கைச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "யம்மா, சாமி ஊர்கோலத்துக்குக் கட்றாங்களே, அந்த பல்பு அத்தனையும் அணைச்சாதான் ஒரு குக்கருக்குச் சரியாவும்" என்றாள்.

மறுநாளிலிருந்து அரிசியும் தண்ணீரும் போட்ட குக்கரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடப்பேன். குழாயடியில் இருக்கிறவர்கள் குடத்தை நகர்த்தி வழி விடுவார்கள். "இன்னைக்கு சீக்கிரமா அக்கா?" என்பார்கள். பசு தலையைத் தூக்கிப் பார்க்கும். ஓனரம்மா வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், "யாரு இவங்க?" என்று கேட்பார்கள். அவர் மறைக்காமல் சொல்வார், "பாவம், அவளுக்கு ஸ்டவ் பயம்." கரண்டுக்குக் காசு கொடுத்தாலும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கொஞ்சம் தலை நிமிர்ந்திருப்பேன்.

யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கூடுதலாக வந்த பில்லை அத்தனை மாசமும் பேசாமல் பங்கு போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. திட்டியிருந்தால் திருப்பி ஒன்று சொல்லலாம். இரக்கப்படுகிறவர்களை என்ன சொல்வது?

ஒரு சாயங்காலம் குக்கரோடு போகிறேன், பெரிய வீட்டில் பூட்டு. மைசூரில் கல்யாணம், திடீரென்று கிளம்பியிருக்கிறார்கள். குக்கரை ஏந்திக்கொண்டு பூட்டுக்கு முன்னால் நின்றேன். குழாயடி முழுக்க என்னைப் பார்க்கிறது. திரும்பி நடந்தேன். அந்த முற்றம் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னால் தெரியாது.

பின்னாலேயே கிரிஜா வந்தாள். நேராக அடுப்படிக்குப் போய், மூலையில் தள்ளிவைத்திருந்த ஸ்டவ்வை முன்னால் இழுத்து, துடைத்து, தீப்பெட்டியை எடுத்தாள்.

"குடு. நானே" என்றேன்.

தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இவள் பற்றவைத்துக் கொடுத்தால் நாளைக்கும் இவள் வரவேண்டும், அதற்கு மறுநாளும் வரவேண்டும் என்று தோன்றியது. இனிமேல் ஒருவர் தயவில் சோறாக்க முடியாது என்கிற வெட்கம், பயத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு குச்சியை நீட்டினேன். பிடித்துக்கொண்டது. கிரிஜா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, சோறு கொதிக்கும்வரைக்கும் தன் ஓரகத்தியைப் பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பார்க்கவேயில்லை. மறுநாள் காலையில் பசுவுக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊற்றினேன்.

குக்கரைப் பெட்டியில் போட்டுவைத்தேன். கேஸ் வந்தது, வீடு மாறினோம், அப்புறம்தான் அது வெளியே வந்தது.

இந்த வாரம்

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு நேற்றுச் சாயங்காலம் சோறு போட எழுந்தேன். சுமதி இன்னும் வரவில்லை. அரிசியைக் களைந்து, விரல் கணு வைத்துத் தண்ணீர் ஊற்றி, பட்டனைத் தட்டினேன். இங்கே எங்கள் வீட்டுக்கு எங்கள் மீட்டர். ஆனாலும் என் கை தானாகப் போய் லைட்டை அணைத்துவிடும். இத்தனை வருஷத்தில் மாற்றிக்கொள்ள முடியவில்லை. சுமதி கண்டால் திட்டுவாள். அவள் இல்லாத நேரத்தில்தான்.

சிவப்பு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ரம்யா வந்தாள். கையில் உறை வாங்கிப்போன கிண்ணம்.

"ஏன் ஆன்ட்டி இருட்டுல? கரண்ட் போச்சா?"

"ஆமாம்மா. போயிடுச்சு" என்றேன்.

என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் மாடிப்படி லைட் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

கிண்ணத்தை மேடைமேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

"சரி ஆன்ட்டி. கரண்ட் வந்தப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.